முளைப்பாரிக்கு வெயில் காட்டியவர்கள்

ஜூன் 28, சனி

இன்று நூலகத்துக்கு வந்தவர்கள்: பேப்பர் படிக்கும் பெரியவர்கள் நால்வர், ஆடு ஒன்று. புத்தக அலமாரி வரை போனது ஆடு மட்டும்தான்.

செங்கவலசைக்கு நான் நூலகராக வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வேலை கிடைத்த குஷியில் ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் நான். வாணியம்பாடியில் ரயிலேறி, பரமக்குடியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வழிநெடுகக் கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் புத்தி வந்தது. தீபாவளிக்குள் மாறுதல் வாங்கிவிடலாம் என்று அம்மா தினமும் போனில் சொல்கிறாள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட வேண்டியதுதான்.

சாப்பாடு நூலகத்துக்கு எதிர்வீட்டு முனீஸ்வரி அக்காவிடம். வீட்டின் முன்பக்கத்தில் கீற்றுப் பந்தல் போட்டு இட்லிக் கடை வைத்திருக்கிறாள். கணவர் ராமபாண்டி கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார். மூன்று வருடமாக லீவு கிடைக்கவில்லையாம். மகள் தர்ஷிகாவுக்கு ஐந்து வயது. அப்பாவைப் போனில் பார்த்தே வளர்கிறாள்.

"டீச்சர், எங்கூரு முண்டு மொளகா உங்களுக்குத் தாங்காது. பொடிக்கு எண்ணெ கூட ஊத்திக்கங்க."

"நான் டீச்சர் இல்லக்கா, நூலகர்."

"பொஸ்தகம் வச்சிருக்கீகல்ல? அப்ப டீச்சர்தான்."

இட்லி நன்றாக இருக்கிறது. அதற்காக மட்டுமே அங்கே அவ்வளவு நேரம் உட்காருகிறேன்.

ஜூலை 2, புதன்

மாவட்ட நூலகத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. பிரித்தால் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள். பெரிய பெரிய படம், பக்கத்துக்கு ஒரு வரி. எறும்பு, தவளை, ஆலமரம், மழை. பேப்பர் படிக்கும் சேது தாத்தா ஒன்றைப் புரட்டிவிட்டு, "இதுல நியூஸ் ஒண்ணும் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார்.

அதில் ஒன்றில், அலமாரிக்கு அடியில் உருண்டுபோன அவரை விதை ஒன்று இருட்டிலேயே முளைக்கிறது. வெளிறிப்போய், நோஞ்சானாக நீண்டுகொண்டே போகிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு சிறுமி ஜன்னலைத் திறக்கிறாள். வெயில் விழுகிறது, செடி பச்சையாகிறது. நின்றபடியே இரண்டு முறை படித்தேன். வேலை இல்லாதவள் வேறென்ன செய்வாள்?

ஜூலை 5, சனி

'சின்னப் பிள்ளைகளுக்குக் கதை நேரம்' என்று ஒரு சார்ட்டில் எழுதி வாசலில் ஒட்டினேன். ஒரு குஞ்சும் வரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை சார்ட்டைப் படித்துவிட்டா வரும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முனீஸ்வரி அக்கா கடையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கரண்டியை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி ஒரு குரல் கொடுத்தாள்.

"ஏ பிள்ளைகளா! டீச்சர் படம் காட்டுறாகளாம், ஓடியாங்க! வராத பிள்ளைக்கு நாளைக்கு வடை கெடையாது!"

கொஞ்ச நேரத்தில் உட்கார இடமில்லை. சினிமா என்று நினைத்து வந்தவர்கள் பாதிப் பேர். அவர்கள் ஏமாந்து போனபின் மிஞ்சியவர்களில் தர்ஷிகா உண்டு. எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்கிற கபிலேஷ் உண்டு. எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத அஃப்ரீன் உண்டு. இன்னும் சில வாண்டுகள்.

அவரை விதைக் கதையை வாசித்தேன். முடிந்ததும் "இன்னொருக்கா" என்றார்கள். அதுவும் முடிந்ததும் "இன்னொருக்கா." என் தொண்டை வற்றிப்போனது. அதற்கு 'ஜன்னல் புக்கு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

கதை மட்டும் போதாதாம், விதை போட வேண்டுமாம். ஆளுக்கொரு கொட்டாங்குச்சியும் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு விதையும் கொண்டுவரச் சொன்னேன். பாசிப்பயறு, வெந்தயம், அவரை எல்லாம் வந்தன. தர்ஷிகா பூசணி விதை கொண்டுவந்தாள். கபிலேஷ் பொட்டுக்கடலை கொண்டுவந்தான், அதிலும் பாதியை வழியில் தின்றுவிட்டு.

"டேய், இது வறுத்தது. முளைக்காது."

"நீங்க போட்டுப் பாத்தீகளா?"

நான் போட்டுப் பார்த்ததில்லை. நட்டுவிட்டான்.

ஜூலை 10, வியாழன்

எல்லோருடையதும் முளைத்துவிட்டது. அஃப்ரீனுடையது மட்டும் முளைக்கத் திணறுகிறது, அவள் தினமும் தோண்டி எடுத்து "வளருதான்னு பாத்தேன்" என்று திரும்பப் புதைப்பதால். கபிலேஷின் கொட்டாங்குச்சியில் ஒன்றும் இல்லை. அவன் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அவர்கள் போனதும் ஊறவைத்த பயறு ஒன்றை அதில் சொருகினேன்.

ஜூலை 13, ஞாயிறு

கபிலேஷ் தன் முளையை நெடுநேரம் உற்றுப் பார்த்தான்.

"டீச்சர், இது பயறு. என் கடலைய யாரு எடுத்தா?"

இந்த ஊரில் நான் செய்த முதல் புண்ணிய காரியத்துக்குத் திருட்டுப் பட்டம். 

அஃப்ரீனுக்கு வேறு சந்தேகம். ஜன்னல் புக்கில் இருப்பது நிஜமா என்று தொட்டுப் பார்க்க வேண்டுமாம். சரி என்று பயறு போட்ட இரண்டு கொட்டாங்குச்சிகளில் ஒன்றை ஜன்னலோரம் வைத்தேன். இன்னொன்றை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை யார் வைத்துக்கொள்வது என்று பெரிய சண்டை நடந்தது. கடைசியில் சேது தாத்தாவிடம் கொடுத்தோம். அவர் அதைக் கயிற்றில் கோத்துப் பூணூல் மாதிரி குறுக்கே மாட்டிக்கொண்டார்.

ஜூலை 17, வியாழன்

சாவி வந்தது, அலமாரி திறந்தது. ஜன்னலோரத்துப் பயறு குட்டையாக, இலை விரித்துப் பச்சைப் பசேலென்று இருந்தது. அலமாரிப் பயறு நெடுநெடுவென்று வளர்ந்து, வெளிறி, தலை சாய்ந்து கிடந்தது.

தர்ஷிகாவின் முகம் வாடிவிட்டது. "டீச்சர், இதுக்குக் காய்ச்சலா?"

"ஆமா. வெயிலே படலல்ல? இருட்டுல வச்சா செடிக்கு நோவு வந்துடும். பாவம்."

"பாவம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். தர்ஷிகா அந்தத் தண்டுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். அதையும் ஜன்னலோரம் தூக்கி வைத்தோம்.

சொன்ன பாடம் பிள்ளைகள் மனசில் போய் ஒட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. டீச்சர் என்று கூப்பிட்டால் இனித் திருத்தப்போவதில்லை. சொல்லி அலுத்துவிட்டது, வேறொன்றுமில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். ஆம்பூரில் ஒரு இடம் காலியாகப் போகிறதாம், சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் சொன்னாராம், உடனே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"இப்ப எப்படிம்மா? பூசணி இப்பத்தான் நாலு இலை விட்டிருக்கு."

"என்னாடி சொல்ற? எந்தப் பூசணி?"

அவளுக்குச் சொன்னால் புரியாது. கொட்டாங்குச்சியிலிருந்து எடுத்து நூலகத்துக்குப் பின்னால் நட்டிருக்கிறோம். தண்ணீர் லாரி வராத நாளில் யார் ஊற்றுவது? நான் வேலையில் பொறுப்பானவள். காரணம் அவ்வளவுதான்.

ஜூலை 22, செவ்வாய்

தெரு முழுக்க மஞ்சளும் வேப்பிலையும். மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு முளைப்பாரி போடுகிறார்கள். நான் கேள்விப்பட்டதோடு சரி, பார்த்ததில்லை என்றதும் முனீஸ்வரி அக்கா மாவாட்டுவதை நிறுத்திவிட்டு விளக்கினாள்.

மண்சட்டியில் எருவும் வைக்கோலும் போட்டு, நவதானியம் தூவி, வெளிச்சமே படாத உள்ளறையில் வைக்க வேண்டும். விரதம் இருக்கிற பெண் மட்டும் பொழுது சாயும்போது உள்ளே போய், இருட்டிலேயே தண்ணீர் தெளித்துவிட்டு, உற்றுப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். திருவிழாவுக்கு முந்தின நாள்தான் விளக்கு கொண்டுபோய்ப் பார்ப்பது இந்தத் தெரு வழக்கம். அப்போது பாரி முழ உயரத்துக்குப் பொன்மஞ்சளாக நிற்குமாம். அதைத் தலையில் சுமந்து கோயிலுக்குப் போய், அங்கிருந்து ஊருணிக்குக் கொண்டுபோய்க் கரைப்பார்கள்.

"பாரி செழிச்சு வளந்தா நெனச்சது நடக்கும் டீச்சர். வருசா வருசம் போடுவேன். இந்த வருசம் நேந்துக்கிட்டுப் போட்டுருக்கேன்."

"எதுக்குக்கா நேந்துக்கிட்டீங்க?"

"எதுக்குன்னு கேக்குறீகளே. இவுக அப்பா ஊருக்கு வரணும். வேறென்ன எனக்கு வேணும்?"

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. எப்போதும் தெருவுக்கே கேட்கப் பேசுகிறவள் அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் தர்ஷிகா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

செடியை இருட்டில் வளர்ப்பதா என்று என் நாக்கு துறுதுறுத்தது. சாமி காரியத்தில் வெளியூர்க்காரிக்கு என்ன பேச்சு? வாயை மூடிக்கொண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 24, வியாழன்

ஜன்னல் புக்கைக் காணவில்லை. பெஞ்சுக்கு அடியில், பேப்பர் கட்டுக்குள் எல்லாம் தேடிவிட்டேன். ஆட்டின் மேல் சந்தேகம்.

ஜூலை 25, வெள்ளி

நூலகம் விடுமுறை. துணி துவைத்தேன். சாயங்காலம் கோயில் முன்னால் பெண்கள் கும்மி கொட்டினார்கள். மூக்கம்மாள் என்கிற பெரிய மனுஷி பாட்டெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சுற்றி வந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். முனீஸ்வரி அக்கா கையைப் பிடித்து இழுத்து நடுவில் விட்டுவிட்டாள்.

"கையத் தட்டுங்க டீச்சர், அம்புட்டுத்தேன்! காலு தானா வரும்!"

கால் தானாக வரவில்லை. மூக்கம்மாளின் பாதத்தின் மேல்தான் போய் வந்தது. உள்ளங்கை சிவந்துவிட்டது. இதை எழுதுகிற பேனா நழுவுகிறது.

ஜூலை 26, சனி

ஆட்டின் மேல் தவறில்லை. ஜன்னல் புக்கு தன் இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது, அட்டை முழுக்க மண்ணும் எருவுமாக. கடைசிப் பக்கத்துக்குள் நசுங்கிய ஒரு பயறு முளை. இலை பச்சையாக இருந்தது.

விசாரணை வைத்தேன். புத்தகத்தை யார் எடுத்தது? கபிலேஷ் மேலே மின்விசிறியைப் பார்த்தான். அஃப்ரீன் கீழே பார்த்தாள். மற்ற பிள்ளைகளின் உதடுகள் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டன. புத்தகத்துக்குள் செடி வைத்து அழுத்தினால் தாள் கெட்டுப்போகும் என்று கண்டித்துவிட்டு விட்டேன்.

போகும்போது தர்ஷிகா திரும்பி வந்தாள்.

"டீச்சர், சாமிக்குச் செடி பச்சையா இருந்தாப் புடிக்குமா, மஞ்சளா இருந்தாப் புடிக்குமா?"

"பச்சையா இருந்தாதான் யாருக்கும் புடிக்கும்."

அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். குதித்துக்கொண்டே ஓடினாள். என்ன மாதிரி கேள்வியெல்லாம் கேட்கிறதுகள்! என் கதை நேரம்தான் இப்படி யோசிக்க வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

புத்தகம் மறுபடி மாயம். அஃப்ரீனின் நகக்கண்ணில் எரு. கேட்டால், "எங்க வீட்டு ஆடு டீச்சர்" என்கிறாள். அவர்கள் வீட்டில் ஆடு கிடையாது.

ஜூலை 29, செவ்வாய்

 இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பொழுது சாயும் நேரம். விளக்கு காட்டிப் பாரி பார்க்கும் நாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குலவைச் சத்தம் வந்தது. முனீஸ்வரி அக்காவும் குளித்து, தலையில் துண்டோடு விளக்கேந்தி உள்ளே போனாள். குலவை வரவில்லை. "ஆத்தா!" என்று ஒரு அலறல்தான் வந்தது.

தெருப் பெண்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன். உள்ளறை வாசலில் எல்லோரும் நின்றுவிட்டோம். விளக்கு வெளிச்சத்தில் சட்டி தெரிந்தது. பாரி முழ உயரம் இல்லை, ஒரு சாண் இருந்தால் அதிகம். பொன்மஞ்சள் இல்லை. இலை விரித்து, அடர்ந்து, கரும்பச்சையாக இருந்தது.

"இதென்னடி இது, பாரியா கீரைப் பாத்தியா?" என்றாள் மூக்கம்மாள். "ஆத்தாளுக்கு என்ன கொற வச்ச?"

அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு கொறையும் வைக்கலயே சித்தி. பச்சத் தண்ணி பல்லுல படாம வெரதம் இருந்தேனே. அவுக வரமாட்டாகளோ? அதத்தான் ஆத்தா சொல்றாளோ?"

அப்போதுதான் அதைப் பார்த்தேன். சட்டிக்கு எதிரே, சுவரில் சாய்த்து, கடைசிப் பக்கம் விரித்து வைக்கப்பட்டிருந்தது ஜன்னல் புக்கு. அதற்கு மேலே சுவரில் கிழக்குப் பார்த்த சின்ன ஜன்னல். கொக்கியைச் சரியாகப் போடாமல் சாத்தியிருந்தார்கள்.

 பேசாமல் நழுவிப் போயிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் அவள் சாமியே தன்னைக் கைவிட்டதாக நினைத்து அழுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் போவது?

"அக்கா, சாமி ஒண்ணும் சொல்லல. இது என்னால வந்தது. இருட்டுல வச்சா செடிக்கு நோவு வந்துடும்னு பிள்ளைங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அலமாரியில வச்சுப் பூட்டியும் காட்டினேன். அதுங்க ஜன்னலைத் திறந்து வெயில் காட்டியிருக்குங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணை நான் மறக்க மாட்டேன்.

"எல்லாரும் வெளிய போங்க. நீங்களும் போங்க மேடம்."

மேடம். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மூக்கம்மாளின் சேலைக்குப் பின்னாலிருந்து தர்ஷிகா வெளியே வந்தாள். அழுது முகமெல்லாம் ஈரம்.

"டீச்சர் தொறக்கச் சொல்லலம்மா. நாந்தேன் தொறந்தேன். நீ கடையில இருக்கயில தெனமும் காலையில தொறந்து, நீ தண்ணி தெளிக்க வர முன்ன மூடிருவேன். கபிலேசும் அஃப்ரீனும் வந்து கத படிச்சாக. இருட்டுல கெடந்தா அதுக்குக் காய்ச்சல் வரும்லம்மா? அது செத்துப் போச்சுன்னா அப்பா வரமாட்டாகல்ல?"

அக்கா கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"நல்லாப் பச்சையா வந்துருக்கும்மா. அப்பா வந்துருவாக" என்றாள் தர்ஷிகா.

 மூக்கம்மாள்கூட முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அக்கா எழுந்து வந்து எங்கள் எல்லோருடைய முகத்துக்கு எதிரேயும் கதவைச் சாத்தினாள்.

ஜூலை 30, புதன்

காலையில் பெட்டிக்கடை ரொட்டி. எதிர்த்த கடைக்குப் போகும் தைரியம் இல்லை.  நூலகத்துக்கு ஒரு பிள்ளை வரவில்லை. அம்மாவிடம் ஆம்பூருக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடலாமென்று போனை எடுத்தேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பாரி எடுப்பு. கூட்டத்தில் கடைசியில், ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னால் நின்றேன். வரிசை வரிசையாகப் பெண்கள், எல்லோர் தலையிலும் பொன்மஞ்சள் பாரி. மேளச் சத்தத்தில் காது அடைத்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் போனில் நேரலையாகப் பார்ப்பதற்காக ஸ்டுடியோக்காரர் ட்ரோன் விட்டிருந்தார். அது எல்லோர் தலைக்கு மேலும் ரீங்காரமிட்டுக்கொண்டு திரிந்தது.

முனீஸ்வரி அக்கா சட்டியோடு வந்தாள். வரிசையில் ஒரு சலசலப்பு. மூக்கம்மாள் அருகே போய்க் கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

"ஏத்தா, இந்த வருசம் வேணாம்டி. இல்லாட்டி ஆளுக்குக் கொஞ்சம் மஞ்சப் பாரி புடுங்கித் தாறோம், உன் சட்டியில நட்டுக்க. பாக்குறவுக நாலு விதமாப் பேசுவாக."

"பேசட்டும் சித்தி. எம்பிள்ள அவுக அப்பனுக்காக வளத்த பாரி இது. இதத் தூக்காம வேற எதத் தூக்கச் சொல்றீக?"

தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். நெடிய மஞ்சள் பாரிகளுக்கு நடுவே ஒரே ஒரு குட்டைப் பச்சை. பக்கத்தில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு தர்ஷிகா. எங்கிருந்தோ கபிலேஷும் அஃப்ரீனும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அக்காவின் அந்த நிமிர்ந்த கழுத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. மேளம் அடித்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

ஊருணியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பாரியைக் கரைக்கும்போது கபிலேஷ் கேட்டான்.

"எதுக்கு அத்தே தண்ணியில விடுறீக?"

"ஆத்தா இத எல்லாக் காட்டுக்கும் கொண்டுபோயி வெள்ளாமையாக் குடுப்பாடா."

"நீங்க பாத்தீகளா?"

அக்கா சிரித்துவிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வேப்ப மரத்துப் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.

ஜூலை 31, வியாழன்

காலையில் பேப்பர்களைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் நால்வரும் படித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நிழல் விழுந்தது. தர்ஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு முனீஸ்வரி அக்கா நின்றாள். கையில் மாவு காயவில்லை.

நான் எழுந்து நின்றேன்.  "அக்கா" என்று மட்டும் வந்தது.

"டீச்சர், இதக் கேளுங்க."

டீச்சர் என்றாள். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அவள் போனை மேசை மேல் வைத்து அழுத்தினாள். ராமபாண்டி அண்ணன் அனுப்பிய குரல் பதிவு. பின்னால் ஏசி இரைச்சல், யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"முனீஸு... நேத்து மத்தியான ரெஸ்ட்டுல நம்மூரு ஆளுக எல்லாரும் ரூம்ல ஒக்காந்து லைவ் பாத்தோம். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு வருசமா லைவ்ல ஒன்னப் பாத்தேன் பாத்தேன்னு உங்கிட்டப் பொய்தேன் சொன்னேன். மேலேருந்து எடுக்குறாக, ஒரு மொகமும் தெரியாது. அம்புட்டுப் பேரு தலையிலயும் மஞ்சப் பாரி. எது நீன்னு தேடி முடிக்கங்குள்ள லைவ் முடிஞ்சிரும். அப்புறம் கக்கூசுக்குள்ள போயி அழுதுட்டு டூட்டிக்குப் போவேன். இந்த வருசம் பாப்பா முன்னாடியே போன்ல ரகசியமாச் சொல்லிருச்சு, நம்ம பாரி மட்டும் பச்சப்பா, அம்மாட்டச் சொல்லிராதன்னு. நேத்து அத்தன மஞ்சளுக்குள்ள ஒத்தப் பச்ச! 'அந்தா எம்பொண்டாட்டி'ன்னு நான் கத்துன கத்துல ரூமே திரும்பிருச்சு. கோயில்லேருந்து ஊருணி வரைக்கும் ஒன்ன விட்டுக் கண்ண எடுக்கல முனீஸு. லீவு இன்னும் குடுக்கல. கேட்டுக்கிட்டேதேன் இருக்கேன். சாப்புட்டியா?"

பதிவு முடிந்தது.  சேது தாத்தா பேப்பரை மடியில் போட்டுவிட்டு, "இன்னொருக்கா போடு தாயி, சரியாக் கேக்கல" என்றார். எல்லாம் நன்றாகவே கேட்டிருந்தது. அக்கா மறுபடியும் போட்டாள். அதற்குப் பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு முறையும் போட்டாள்.

தர்ஷிகா அம்மாவின் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்ப அப்பா வரலயாம்மா?"

"வந்தாகடி" என்றாள் அக்கா. "நேத்து கோயில்லேருந்து ஊருணி வரைக்கும் நம்ம கூடயேதேன் நடந்து வந்தாக."